தோல்சட்டையை மாற்றாதவன்

‘தோல்சட்டை’ என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தையல் அறையின் படிக்கட்டில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கீழே நின்று ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

“தோல்சட்டை வந்தாச்சா?”

“இங்க தோலெல்லாம் தைக்கறதில்லம்மா. துணி மட்டுந்தான்,” என்று மேலிருந்தே சொன்னேன்.

அவள் சிரித்துக்கொண்டே ஏறி வந்தாள். “சட்டையக் கேக்கலம்மா, ஆளக் கேட்டேன். உங்க தங்கச்சி பையன்தான்.”

அவன் பிறந்த அன்று ஈரம் காயாமல் கையில் வாங்கியவள் நான். முப்பத்தைந்து வருடம் கழித்து எனக்குத் தெரியாத ஒரு பெயர் அவனுக்கு இருக்கிறது, அதை யாரோ ஒருத்தி வந்து எனக்குச் சொல்கிறாள். கொஞ்சம் கோபம்கூட வந்தது.

எங்கள் அப்பாவுக்கு நாங்கள் நாலு பெண்கள். மூன்றாவது நான், கடைசி இவனுடைய அம்மா. இவனுடைய அப்பா ரயில் பெட்டிப் பட்டறையில் இருந்தவர். அவருடைய அண்ணன் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். அந்த அண்ணனின் மாமனார் கொதிகலன் வேலைக்காரர், ஒரு கண் போனவர். அந்தப் பக்கத்து ஆண்கள் எல்லாருமே இரும்பையும் நெருப்பையும் விட்டு நகர்ந்ததில்லை. இவனும் பத்தொன்பது வயதில் இரும்பு வார்க்கிற ஆலைக்குப் போனான். உருகின இரும்பை வாளியிலிருந்து அச்சுக்குள் ஊற்றும் இடத்தில் நிற்கிறவன். வாளி என்றால் குளிக்கிற வாளி இல்லை. ஒரு ஆள் உள்ளே நிற்கலாம். மேலே கிரேன் அதைத் தூக்கிப் பிடிக்கும், கீழே இவன் சக்கரத்தைத் திருப்பிச் சாய்ப்பான். அந்த ஆலையில் ஊற்றுகிற இடத்தில் நிற்பவனுக்குத் தனி மரியாதை. சாப்பாட்டு அறையில் அவனுக்கு இடம் விட்டு உட்காருவார்கள்.

அன்று படியேறி வந்தவள் அந்தக் கிரேனை ஓட்டுகிறவள். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளைக் கிரேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளும் இவனும் ஆலையில் கூட வேலை செய்கிற சிலரும் என் அறைக்கு வந்தது என் மேசைக்காக. துணி வெட்டுகிற மேசை, எட்டடி நீளம், நாலடி அகலம். அவர்கள் விளையாடுகிற விளையாட்டுக்கு அவ்வளவு பெரிய மேசை வேறெங்கும் கிடைக்கவில்லையாம். ஞாயிறு மதியம் எனக்கு வெட்டு வேலை கிடையாது, மிஷினில் பொத்தான் பட்டிதான் ஓட்டுவேன், வரட்டும் என்றேன்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். “குகை வாசல்ல நிக்கறீங்க, உள்ள ஏதோ மூச்சு விடுது” என்று கதைசொல்லி சொன்னால், என்ன செய்யப்போகிறோம் என்று இவர்கள் சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகம் உள்ள பகடை, நெல்லிக்காய் அளவு. குகையையும் ஆற்றையும் என் தையல் சாக்கட்டியால் மேசைமேல் வரைந்துகொள்வார்கள். ஆட்களுக்கு என் டப்பாவிலிருந்து பொத்தான்கள். கிரேன் அக்கா வில்லாளி, அவளுக்கு ஒரு சிவப்புப் பொத்தான். இவன் வாள்வீரன். ஓரம் உடைந்த ஒரு பழுப்புக் கோட்டுப் பொத்தானைத் தேடி எடுத்துக்கொண்டான்.

கதைசொல்லி, ஆலையில் ஸ்டோர் பார்க்கிறவர். கையுறை, கண்ணாடி, வெப்பச் சட்டை எல்லாம் அவர் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். மெதுவாகப் பேசுகிற மனிதர். தொழிலாலோ என்னவோ, அவர் கதையில் கவசத்துக்கு இருந்த இடம் ராஜாவுக்குக்கூட இல்லை. தொடக்கத்தில் எல்லாருக்கும் தோல்சட்டை கொடுப்பார். ஆட்டம் ஏறஏற இரும்பு வளையச் சட்டை, அப்புறம் தகட்டுக் கவசம். மற்றவர்கள் மாற்றிக்கொண்டே போனார்கள். இவன் மட்டும், என் அறைக்கு வருவதற்கு முன்பே ஆடின ஆட்டத்திலிருந்து இந்த நாலு வருடமும், அதே தோல்சட்டை. அதனால் வந்த பெயர்.

“கவசக் கடை திறந்திருக்கு,” என்பார் ஸ்டோர்காரர். “வளையச் சட்டை ஒண்ணு தொங்குது. உன் அளவுதான்.”

“எனக்கு வேணாம். அதப் போட்டா நான் மாடு மாதிரி நடக்கணும். நம்ம ஆளு தாவிப் பொழைக்கறவன்.”

“யாரு, நீயா தாவறவன்?” என்பாள் கிரேன் அக்கா. “படியேறி வரதுக்குள்ள டீ ஆறிப்போச்சுய்யா.”

எல்லாரும் சிரிப்பார்கள், அவனும்தான். நான் தலை நிமிராமல் மிஷினை மிதிப்பேன். ஏனென்றால் அந்தப் படிக்கட்டின் சத்தம் எனக்குத் தெரியும். பத்தொன்பது படி. முதல் வருடம் அவன் இரண்டிரண்டாகத் தாவி வருவான். இரண்டாம் வருடம் ஒவ்வொன்றாக. அந்த நாலாவது வருடம் வலது கால் ஒரு படி, இடது கால் அதே படியில் வந்து சேரும், பிறகுதான் அடுத்தது. மேலே வரும்போது முகத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நுழைவான்.

ஒருநாள் மற்றவர்கள் போன பிறகு கேட்டேன். “முட்டி எத்தன நாளாடா இப்படி?”

“மெல்லப் பேசு பெரியம்மா. வெளிய தெரிஞ்சா அச்சுக்கு மணல் சலிக்க அனுப்பிடுவாங்க. இருபது வருஷம் வாளி பிடிச்சுட்டு மணல் சலிக்கறதா?”

“டாக்டர்கிட்ட காட்டு.”

“காட்டினேன். ஓடாதே, தாவாதேன்னாரு. நான் என்ன முயலா?”

யாரிடமும் சொல்லவில்லை நான். அவன் மனைவி, பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள், என்னிடமே வந்து, “பெரியத்த, அவரு கால் நல்லாத்தான இருக்கு?” என்று கேட்டாள். “நல்லாத்தான் இருக்கு,” என்றேன்.

இனி நான் விளையாட்டுக்குள் வந்த கதை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அவர்கள் கிழிந்த கவசத்தைச் சரிசெய்ய வேண்டும். அதற்கும் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஸ்டோர்காரர் என் மிஷின் பக்கம் திரும்பினார். “நம்ம கதையிலயும் ஒரு தையல்காரி இருக்கட்டும். அம்மா ‘தச்சாச்சு’ன்னு சொன்னா சட்டை புதுசு மாதிரி. பகடை வேணாம்.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவன் அந்தப் பழுப்புப் பொத்தானை என் மிஷின் பலகையில் கொண்டுவந்து வைப்பான். நான் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “தச்சாச்சு,” என்பேன். எடுத்துக்கொண்டு போவான். எனக்கு அது பிடித்திருந்தது. அந்தக் கதையில் உள்ளவர்களுக்கும் உறவுமுறை என் மனதில் நின்றுவிட்டது. வாள்வீரனின் தாய்மாமன் பாலத்தில் செத்தவர், வில்லாளியின் சின்ன நாத்தனார் ஓநாய்க் கூட்டத்துக்குச் சோறு போட்டவள். ஸ்டோர்காரரே மறந்துவிட்டு என்னைத்தான் கேட்பார்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை மாலை அவன் நிஜச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஊற்றும்போது போடுகிற வெப்பச் சட்டை, முழங்கால்வரை வரும். வெளிப்பக்கம் வெள்ளிக் காகிதம் ஒட்டினது போல மின்னும். அவனுடையதில் மினுமினுப்பு பாதி போய்ச் சாம்பல் நிறத் துணி தெரிந்தது. தோள் தையல் விட்டிருந்தது.

“விளையாட்டுல தைக்கறல்ல, இதையும் தை பெரியம்மா.”

“ஆபீசுல புதுசு தரமாட்டாங்களா?”

“கிழிஞ்சதக் கொண்டாந்து குடுத்தா புதுசு தருவாங்க. புதுசு ரெண்டு மடிப்பு, கணுக்கால் வரைக்கும் தொங்குது, கல்லு மாதிரி கனம். அதப் போட்டுட்டு நான் நாலு அடி நடந்தா முட்டி காட்டிக் குடுத்துடும். இது கிழியாம இருக்கற வரைக்கும் என்னை யாரும் கேக்க முடியாது.”

பழைய தையலைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் நூல். சோனியாக, உயிரில்லாதது மாதிரி இருந்தது. இதைப் போய் யாராவது போடுவார்களா என்று நினைத்தேன். என்னிடம் பை தைக்கிற நைலான் நூல் இருந்தது, கறுப்பு, பளபளப்பு. கையால் இழுத்தால் விரல் அறுபடும், நூல் அறாது. அதைப் போட்டு இரண்டு ஓட்டு ஓட்டினேன். முடிச்சுப் பிரியாமல் இருக்க, நாங்கள் எல்லாரும் செய்கிறதுதான், தீக்குச்சி கிழித்து நுனியில் காட்டினேன். நுனி சுருண்டு ஒரு கறுப்பு மணியாக உட்கார்ந்தது. விரலால் அழுத்தினேன்.

“தச்சாச்சு,” என்றேன்.

அந்த வருடம் அவன் அதை ஐந்து தடவை கொண்டுவந்தான். ஐந்து தடவையும் தீக்குச்சி கிழித்தேன்.

அதே வருடம்தான் ஆலையில் புது உலை வந்தது. பழையதைப்போல இரண்டு மடங்கு. வாளியும் அதற்கேற்ப. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சே மாறிவிட்டது. ஊற்றுகிற இடத்தில் நின்றால் புருவம் கருகுகிறது என்றார்கள். கிரேன் அக்கா தன் கூண்டுக்குள் தண்ணீர் பாட்டில் வைத்தால் மதியத்துக்குள் சுடுதண்ணீர் ஆகிறது என்றாள்.

ஸ்டோர்காரரின் கதையும் அப்போது திசை மாறியது. நாலு வருடமாக ஓநாய், கொள்ளைக்காரன், எலும்புக்கூடு என்று போனது. இப்போது மலைக்கு அடியில் தீ கக்குகிற ஒன்று வந்து படுத்துக்கொண்டது. அதை அவர் முழுசாகக் காட்டவே இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு ஊர் கரிந்துபோயிருக்கும், அவ்வளவுதான். சாக்கட்டியால் வரைந்த வீடுகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார்.

ஒரு வாரம் அவர் பகடையைக் கீழே வைத்துவிட்டு இவனிடம் நேராகவே பேசினார்.

“கவசத்த எப்ப மாத்தணும்னு நெனைக்கற?”

“கிழிஞ்சா.”

“கிழியறத வெச்சு எப்பவும் கணக்குப் போடாத. எதிரி மாறினா மாத்தணும். பல்லுக்குப் போட்ட சட்டை தீக்கு ஆகாது. அது கிழியாமலே இருக்கும், உள்ள இருக்கற நீ இருக்க மாட்ட.”

“ஒரு அடிகூட என்மேல விழலையே இதுவரைக்கும்.”

“முதல் அடி விழற அன்னிக்குக் கடைக்கு ஓட நேரம் இருக்காது தம்பி.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “ஸ்டோர்லயும் உன் அளவுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். ஆணில தொங்குது. சீட்டுல உன் பேர்கூட எழுதியாச்சு. பழசக் கொண்டா, மாத்திக்கோ.”

“பழசு கிழியலையே,” என்று சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“பெரியம்மா கை பட்டதுக்கு அப்புறம் அது எங்க கிழியும்?” என்றாள் கிரேன் அக்கா. அவளும் கேலியாகத்தான் சொன்னாள்.

அந்த ஆணியில் தொங்குகிற சட்டையை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க என் கண்ணுக்குள் அது தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு மலைக்குள் போகிற நாள். எல்லாரும் தகட்டுக் கவசம் போட்டாயிற்று. இவன் வழக்கம்போலப் பொத்தானை என் மிஷின் பலகையில் வைத்தான். நான் மிதியை நிறுத்தினேன்.

“இது தைக்க முடியாது,” என்றேன்.

“என்ன பெரியம்மா?”

“தோலு செத்துப்போச்சு. ஊசி போட்டா பிஞ்சுக்கும். வேற வாங்கிக்கோ.”

ஸ்டோர்காரர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “தையல்காரி சொன்னா சொன்னதுதான். கடை திறந்திருக்கு,” என்றார்.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. “விளையாட்டுலகூட தைக்க மாட்டியா நீ? சரி, கிழிஞ்சதோட போறேன்.”

“யோவ், வீம்பு பண்ணாத,” என்றாள் கிரேன் அக்கா.

“போறேன்னா போறேன். உருட்டு.”

சாக்கட்டியால் வரைந்த குகைக்குள் பழுப்புப் பொத்தானை அவனே தள்ளினான். உள்ளே இருந்தது மூச்சை இழுத்தது என்றார் ஸ்டோர்காரர். தாவித் தப்பிக்க வளையச் சட்டைக்காரனுக்குப் பதினேழு வேண்டும், தோல்சட்டைக்காரனுக்குப் பதினொன்று போதும். அதைத்தான் அவன் நாலு வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பகடையை உள்ளங்கையில் ஊதினான். உருட்டினான். அது மேசை விளிம்புவரை ஓடி என் கத்தரிக்கோலில் முட்டி நின்றது.

மூன்று.

தகட்டுக் கவசம் போட்டிருந்தால் அவ்வளவையும் தாங்கிப் பாதி உயிரோடு வெளியே வந்திருப்பான் என்று ஸ்டோர்காரர் கணக்குச் சொன்னார். தோல்சட்டைக்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை. அவர் பொத்தானைக் கவிழ்த்து வைத்தார். அவன் பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். படி இறங்குகிற சத்தம் கேட்டது. வலது, இடது சேர்ந்தது. வலது, இடது சேர்ந்தது. பத்தொன்பதும் முடிகிறவரை நான் மிஷினைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் வந்தான். கையில் வெப்பச் சட்டை. இந்தத் தடவை இடது அக்குளிலிருந்து விலாவரை ஒரு சாண் பிரிந்திருந்தது. நான் பார்த்தவுடனே அதைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட்டிருக்கலாம். கத்தரிக்கோல் பக்கத்தில்தான் இருந்தது.

“இதக் கொண்டுபோய் ஸ்டோர்ல குடுடா. அங்க உனக்குன்னு தொங்குதே.”

“நாளைக்கிப் பெரிய வார்ப்பு பெரியம்மா. புதுசப் போட்டு நாலு நாள் நடந்து பழகணும். நாளைக்கே போட்டுட்டு எல்லார் முன்னாடியும் நொண்டச் சொல்றியா? இந்த ஒரு தடவ. அடுத்த வாரம் நானே போய் மாத்திக்கறேன்.”

“நெசமா?”

“நெசமா. ஞாயித்துக்கிழமதான் என்னைக் கொன்னுட்ட. இன்னிக்காவது தை.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளை நாலு வருடம் வளர்த்த ஆளை எல்லார் முன்னிலையிலும் சாகவிட்டேனே என்று. அதைச் சரிக்கட்டுகிற மாதிரி இன்னும் தடியான நைலான் நூலாக எடுத்து மூன்று ஓட்டு ஓட்டினேன். நல்ல தையல். என் கையால் போட்டதிலேயே நல்ல தையல் அதுதான் என்று சொல்வேன். நுனியில் தீக்குச்சி காட்டினேன். நூல் சுருண்டு உருகி மணியானது. அதை நான் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன், விரலால் தொட்டேன், சூடாகக்கூட இருந்தது.

“தச்சாச்சு,” என்றேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்ததைக் கிரேன் அக்கா எனக்குச் சொன்னாள். அவள் கூண்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள். என் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள்.

“வாளி விளிம்பு அச்சுல தட்டிச்சு அம்மா. கொஞ்சந்தான் சிந்திச்சு, ஒரு சொம்பு இருக்கும். கூட நின்ன ரெண்டு பேரும் தாவிட்டாங்க. அவரு வலது கால எடுத்தாரு. இடது கால் வரல. நான் மேல இருந்து ‘இழுய்யா, கால இழுய்யா’ன்னு கத்தறேன். கண்ணாடிக் கூண்டு. யாருக்குக் கேக்கும்?”

இரும்பு அவன் இடது பக்கம் தெறித்தது. சட்டையின் மேல்பக்கத்தில் பட்டதெல்லாம், அந்தப் பழைய சட்டையாக இருந்தும், வழுக்கிக் கீழே போய்விட்டதாம். விலாப் பக்கம் மட்டும் உள்ளே போயிற்று.

பத்து நாள் கழித்து ஸ்டோர்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஒரு பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். விசாரணையில் ‘பழைய சட்டை’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டார்களாம். தூக்கிப் போடச் சொன்னதை இவர் எடுத்து வந்திருந்தார்.

“இந்த ஓரத்தப் பாருங்கம்மா,” என்றார்.

அக்குளிலிருந்து விலாவரை திறந்திருந்தது. ஊசி போன ஓட்டைகள் மூன்று வரிசையாக, ஒரே சீராக இருந்தன. துணி கிழியவில்லை. நூல் அறுந்திருந்தால் நுனிகளாவது இருக்க வேண்டும். நுனி இல்லை. நூலே இல்லை. சில ஓட்டைகளைச் சுற்றிக் கடுகு அளவில் கறுப்பு மணிகள் ஒட்டியிருந்தன. கொஞ்சம் தள்ளி, ஆலையில் போட்ட பழைய மஞ்சள் நூல் அப்படியே இருந்தது. கருகியிருந்தது, விடவில்லை.

“இந்த மஞ்ச நூலு தீயில உருகாது,” என்றார் அவர். “அதுக்குன்னே செய்யறது. என்கிட்ட கேட்டிருந்தா ஒரு உருண்டையே குடுத்திருப்பேன். நானும் ஞாயித்துக்கிழமைல நீங்க தைக்கறதப் பத்திக் கேலி பேசினப்ப சிரிச்சுட்டுதான் இருந்தேன். எந்த நூல்னு கேக்கத் தோணல.”

போகும்போது மேசையைப் பார்த்தார். குகையின் சாக்கட்டிக் கோடு அப்படியே இருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர்கள் யாரும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து அவன் நாலு மாதம் கழித்துத்தான் வந்தான். வந்த முதல் நாள் பார்க்கப் போனபோது, “பெரியம்மா, நீ ஞாயித்துக்கிழம சொன்னதுதான் சரி. தோலு செத்துப்போச்சு,” என்றான். பேசினால் மூச்சு வாங்கியது. நூலைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத்தான் போனேன். அவன் மனைவி வந்து, “பெரியத்த, நீங்க தச்சுக் குடுத்ததாலதான் மத்த இடமெல்லாம் தப்பிச்சுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு,” என்றாள். அன்றைக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.

அந்தப் புதுச் சட்டையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கிரேன் அக்கா சொன்னாள். சீட்டில் இருந்த பெயரை அடித்துவிட்டு மேலே வேறு பெயர் எழுதினார்களாம்.

அவன் இப்போது என் தங்கை வீட்டின் முன்னறையில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் இருக்கிறான். இடது கை தோளுக்கு மேலே வராது, வலது பக்கமாக மட்டும் படுக்கிறான். பழுப்புப் பொத்தான் ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்தபடி இருக்கிறது.